பீரோவுக்கு வெளியே

அரசுப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த இரும்பு பீரோவைத் தெரியும். தலைமையாசிரியர் அறை மூலையில் நிற்கும். உள்ளே ஒரு உலக உருண்டை, சுருட்டி நூல் கட்டிய வரைபடங்கள், மனித உடல் படம், காந்தப் பெட்டி, பஞ்சு சுற்றிய சோதனைக்குழாய்கள். பல பள்ளிகளில் அவற்றில் பாதி, 1987இல் வந்த கரும்பலகைத் திட்டத்தின்கீழ் அனுப்பப்பட்டவை. இரண்டு வகுப்பறை, இரண்டு ஆசிரியர், தேவையான உபகரணம் இவை இல்லாமல் ஒரு தொடக்கப்பள்ளியும் இருக்கக் கூடாது என்று போட்ட திட்டம் அது. நல்ல திட்டம். அனுப்பவேண்டியதை அனுப்பினார்கள். பீரோவைப் பூட்டியது நாங்கள்தான்.

பூட்டியதற்குக் காரணமும் உண்டு. பீரோவுக்குள் போகும் எந்தப் பொருளும் முதலில் இருப்புப் பதிவேட்டுக்குள் போகும். ஒரு குழாய் உடைந்தால் பதிவேட்டில் ஒன்று குறையும். தணிக்கைக்கு வருகிறவர் குறைந்ததைத்தான் கேட்பார். எத்தனை பிள்ளைகள் அதைத் தொட்டார்கள் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. உடைந்த பொருளுக்கு விளக்கம் எழுதுவதைவிடப் புத்தம் புதுசாக வைத்திருப்பது பாதுகாப்பு என்று எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் தெரிந்திருந்தது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிறகு டி.எல்.எம். காலம் வந்தது. கற்றல் கற்பித்தல் உபகரணம் என்பது முழுப்பெயர். யாரும் அப்படிச் சொல்வதில்லை. அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் வருடத்துக்கு 500 ரூபாய் கொடுத்தார்கள். அந்த 500 ரூபாய் சார்ட் பேப்பராகவும் ஸ்கெட்ச் பேனாவாகவும் தெர்மாகோலாகவும் மாறி, வட்டார வள மையத்தில் கண்காட்சியாக நின்றது. தெர்மாகோல் எரிமலை, தெர்மாகோல் நாடாளுமன்றம், தெர்மாகோல் இதயம். ராத்திரி கண்விழித்து ஆசிரியர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் செய்தவை. மூன்றாம் பரிசு வாங்கிய இதயம் ஒன்று எங்கள் பள்ளி பீரோமேல் பல வருடம் இருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த பிள்ளை ஒன்றும் கிடையாது. வண்ணம் போய்விடுமே.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவள். இடைநிலை ஆசிரியர் என்றால் தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், ஓவியம், பாட்டு எல்லாம் ஒரே ஆள். ஒரு மணிக்குச் சேரன் செங்குட்டுவன், அடுத்த மணிக்குச் செரிமான மண்டலம். இதில் ஒரு வசதி இருப்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். பாடத்துக்குப் பாடம் ஆள் மாறாததால், காலையில் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவந்த பொருளை மதியம் அறிவியலுக்கு வைத்துக்கொள்ளலாம். உயர்நிலைப் பள்ளிக்குப் போன என் தோழிகளுக்கு அது வாய்க்கவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு வசதியும் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இங்கே அலையாக அடித்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டது அப்போதுதான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அறிவொளியை நடத்திய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் கையில் எப்போதும் ஏதாவது இருக்கும்: 1987 முதல் வந்துகொண்டிருந்த ‘துளிர்’ இதழ், மடித்து ஊதினால் சுற்றுகிற காகிதம், அர்விந்த் குப்தாவின் சிறு புத்தகங்கள்.

அர்விந்த் குப்தாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், லாரிக் கம்பெனி வேலையில் இருந்தபோது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துக்குப் போனார். அங்கே கிராமத்துச் சந்தையில் கிடைத்ததைக்கொண்டு அறிவியல் சொல்லிக்கொடுக்கும் வேலை 1972இலிருந்தே நடந்துகொண்டிருந்தது. அவர் செய்தது இதுதான்: சைக்கிள் வால்வு டியூபைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, அதன் இரு முனையிலும் தீக்குச்சியைச் செருகினார். முக்கோணம் வந்தது. இன்னும் ஒரு குச்சி வைத்துச் சதுரம் செய்தால் அது ஆடியது. முக்கோணம் ஏன் ஆடவில்லை? பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் முக்கோணமாகவே தெரிகிறது? கேள்வி தானாக வந்துவிடுகிறது. அதுவரை நான் பார்த்த டி.எல்.எம். எல்லாம் விடையைக் காட்டுகிறவை. இது கேள்வியைக் கிளப்புகிற பொருள். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. உடைந்தால் வருத்தமும் இல்லை.

அதிலிருந்து குப்பையைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியை நெம்பி எடுத்து, உள்ளே தண்ணீர் ஊற்றினால் அருமையான உருப்பெருக்கி. அதே பல்புக்குள் பாதி தண்ணீர் விட்டு வெயிலில் காட்டினால் நிறப்பட்டை. ஃபிலிம் டப்பா, ரீஃபில், கேசட் டேப், சி.டி. என்று சேர்த்துக்கொண்டே போனேன். ஆனால் குப்பைக்கும் ஆயுசு இருக்கிறது. இப்போது குண்டு பல்பு எங்கே? எல்.இ.டி.யின் வயிற்றில் தண்ணீர் ஊற்ற முடியாது. ஃபிலிம் டப்பா போய்விட்டது. சி.டி.யும் ஆட்டோ பின்னால் மினுக்குவதோடு சரி. பழைய ஆசிரியர் கையேடுகளை வைத்துக்கொண்டு ‘சுலபமாகக் கிடைக்கும் பொருள்கள்’ பட்டியலைப் படித்தால் இன்று சிரிப்பு வருகிறது. மிஞ்சியிருப்பவை தேங்காய்ச் சிரட்டை, நூல், களிமண், கோழி இறகு, தண்ணீர் பாட்டில். கையேடு எழுதுகிறவர்கள் பொருளின் பெயரைவிட அது செய்யும் வேலையை எழுதி வைத்தால் ரொம்ப நாள் தாங்கும்.

வெயில் மட்டும் மாறவில்லை. எங்கள் ஊரில் வருடத்துக்கு இரண்டு நாள், நடுப்பகலில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. சூரியன் நேர் உச்சிக்கு வருகிற நாள் அது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. டெல்லியில் பிறந்து டெல்லியிலேயே இருப்பவருக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைக்காது. ஏப்ரலில் கன்னியாகுமரியில் தொடங்கி ஒவ்வொரு நாளாக வடக்கே ஏறும்; ஆகஸ்டில் சென்னை வழியாகத் திரும்பித் தெற்கே இறங்கும். புதுக்கோட்டைக்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் வரும். ஏப்ரலில் பரீட்சை. ஆகஸ்டில் மேகம் வந்து கெடுக்கும். இரண்டில் ஒன்று எப்படியாவது கிடைத்துவிடும்.

குச்சி செங்குத்தாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கொத்தனார் வீட்டுப் பிள்ளை தூக்குக்குண்டு கொண்டுவருவான். அன்றைக்கு அவன்தான் வகுப்பில் பெரியாள். பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றையும் நிறுத்தி வைப்போம். நிழல் சுருங்கச் சுருங்க, குழாய்க்குள் வெயில் இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் தரையில் வட்டமாக விழும். எல்லாரும் பன்னிரண்டு மணிக்குத் தயாராக நிற்பார்கள். பன்னிரண்டுக்கு நிழல் போகாது. பன்னிரண்டே காலை ஒட்டித்தான் போகும்.

“டீச்சர், சூரியன் லேட்டா வருது” என்றாள் ஒருத்தி.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை ஏற்பாடும். நம் கடிகாரம் புதுக்கோட்டைச் சூரியனைப் பார்த்து ஓடவில்லை. 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர்ப் பக்கம், சூரியன் உச்சிக்கு வருவதை வைத்து நாடு முழுக்க ஒரே நேரம். நாம் அதற்கு மேற்கே மூன்றே முக்கால் பாகை அளவில் இருக்கிறோம். ஒரு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு நான்கு நிமிடம். பெருக்கிப் பார்க்கச் சொன்னால் பதினைந்து வரும். தீர்க்கரேகை என்பது வரைபடத்தில் போட்ட கோடு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அதைத் தங்கள் குச்சியின் அடியில் பார்த்தார்கள். உலக உருண்டையைப் பீரோவிலிருந்து எடுக்க எனக்குக் காரணம் கிடைத்ததும் அன்றுதான். அதற்கு முன்னால் எடுத்திருந்தால் அது சுற்றி விளையாடும் பந்தாகத்தான் இருந்திருக்கும். வரிசை முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். முதலில் கேள்வி, அப்புறம் உபகரணம். எங்கள் பயிற்சிகளில் பெரும்பாலும் இதைத் திருப்பிப் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்.

தமிழுக்கு வருகிறேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போவார். பரீட்சைக்கு அது ஒரு மதிப்பெண் கேள்வி: எத்தனை பூக்கள்? தொண்ணூற்றொன்பது. முடிந்தது. ஆனால் அந்தப் பாட்டு ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காகப் பாடப்பட்டது என்று ஏட்டிலேயே குறிப்பு இருக்கிறது. அப்படியானால் அதுவே ஒரு டி.எல்.எம். கபிலர் எங்கள் சங்கத்து உறுப்பினர்.

பூக்களின் பட்டியலைப் பிரதி எடுத்துக் கொடுத்து, தெரிந்த பெயரை வட்டமிடச் சொன்னேன். மா, வாழை, தாமரை, முல்லை, அவரை, தும்பை, கொன்றை என்று தொடக்கத்திலேயே ஒரு கை நிறைந்தது. பிறகுதான் வேலை. கூவிளம் என்பது வில்வம். துழாய், துளசி. சிந்துவாரம், நொச்சி. வகுளம், மகிழம். ஆவிரை, வாய்க்கால் மேட்டு ஆவாரம்பூ. பூளை, பொங்கலுக்குக் கட்டுகிற கண்ணுப்பூளை. குன்றி, பிள்ளையாருக்குக் கண் வைக்கிற குண்டுமணி. ஒவ்வொன்றாகப் பையில் வந்து சேர்ந்தது. தொண்ணூற்றொன்பதும் எங்கள் ஊரில் கிடைக்காது. அது குறிஞ்சி நிலத்துப் பாட்டு, எங்களுடையது செம்மண் மேடு. ஆனாலும் முப்பதுக்குக் குறையவில்லை. சில பெயர்களுக்கு எந்தச் செடி என்பதில் உரைகாரர்களுக்கும் தாவரவியல்காரர்களுக்கும் ஒத்துப்போகாது. அதை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்னேன். அறிஞர்களுக்கே சண்டை என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம்.

அச்சுக்கு முன்னால் ஏடுகளில் இந்தப் பட்டியலிலேயே சில பூக்கள் உதிர்ந்துபோயிருந்தன. உ.வே. சாமிநாதையர் தேடி அலைந்து, தருமபுரம் மடத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்ததை எழுதியிருக்கிறார். அந்தக் கதையைச் சொன்னதும் எங்கள் பையில் இல்லாத பூக்களுக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துச் செங்காந்தள் ஒன்றை ஒருவன் வேலியிலிருந்து கொண்டுவந்தான். கையோடு எச்சரிக்கையும் சொல்லவேண்டியிருந்தது: கிழங்கு கொடிய நஞ்சு, குண்டுமணியையும் கடித்துவிடாதே. இயற்கையிலிருந்து கிடைப்பது எல்லாம் பத்திரமானது என்று நினைக்கிற ஆசிரியர் பூக்களை வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது.

அந்தப் பட்டியலில் கருவிளை என்று ஒன்று. நீலச் சங்குப்பூ. வேலியெல்லாம் கிடக்கிறது. காலையில் தமிழ் வகுப்புக்கு வந்த பூவை மதியம் சுடுதண்ணீரில் போட்டேன். தண்ணீர் நீலமானது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும். சோப்புத் தண்ணீரோ சுண்ணாம்புத் தெளிவோ விட்டால் பச்சை. பாடப்புத்தகத்தில் அமிலம், காரம், லிட்மஸ் தாள் என்று இருந்தது. லிட்மஸ் தாள் பீரோவில் இருந்தது. காலாவதியாகி நிறமே மாறாது. சங்குப்பூ தினமும் புதுசாகப் பூத்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து மோர், சாம்பல் தண்ணீர், புளித்தண்ணீர், ஷாம்பு, கோயில் கிணற்றுத் தண்ணீர் என்று கொண்டுவந்து ஊற்றினார்கள்.

அப்போது ஒரு பையன், “ஆரத்தித் தண்ணியும் இப்படித்தானே டீச்சர் செவக்குது?” என்றான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. அத்தனை கல்யாணத்திலும் பார்த்ததுதான். எனக்குத் தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது. அந்தச் சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து பார்த்தோம். மறுபடி மஞ்சளாகிவிட்டது. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. இதை எந்தக் கையேட்டிலிருந்தும் நான் எடுக்கவில்லை. அவன் பெயரில்தான் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஓவியத்துக்குச் சித்தன்னவாசலைப் போல ஒரு வளம் பக்கத்தில் இருப்பது எங்கள் மாவட்டத்தின் அதிர்ஷ்டம். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துச் சமணக் குகைக்கோயில். கூரையில் தாமரைக் குளம். பேருந்து பிடித்துப் போய் இறங்கி, ஏறி, உள்ளே கூட்டிப் போனால் பிள்ளைகள் முதலில் ஏமாந்துபோவார்கள். படம் மங்கியிருக்கும். சுற்றுலா அட்டையில் பார்த்தது போல இருக்காது. “ஒண்ணுமே தெரியல டீச்சர்.” இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறந்து விளக்க ஆரம்பித்தால் போச்சு. நான் ஒரு வேலை கொடுத்துவிடுவேன்: குளத்துக்குள் என்னென்ன உயிர் இருக்கிறது, எண்ணிக்கொண்டு வா. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகும். மீன் தெரியும், வாத்து தெரியும், எருமை தெரியும், யானை தெரியும், பூப்பறிக்கிற ஆள் தெரிவான். கழுத்து வலிக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை.

திரும்பி வந்ததும் வண்ணம். சுண்ணாம்பு, அடுப்புக்கரி, காவிக்கல் இவை அந்தக் காலத்து ஓவியர்கள் கையாண்டவை. மூன்றும் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. செம்புறாங்கல் பொடியை அரைத்து, சலித்து, வேப்பம்பிசின் கரைத்துக் கலந்து சுவரில் பூசினோம். பிசின் இல்லாமல் பூசியது காய்ந்ததும் உதிர்ந்தது. ஆயிரம் வருடம் கூரையில் ஒட்டிக்கொண்டிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று அதற்குப் பிறகு நான் சொல்லத் தேவைப்படவில்லை.

வேளார் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்ததுதான் ஓவிய வகுப்பில் நான் செய்த உருப்படியான வேலை என்பேன். எங்கள் பக்கத்தில் அய்யனாருக்கு மண்குதிரை எடுப்பது வழக்கம். நமுணசமுத்திரம் கோயிலில் குதிரைகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அவரை விருந்தினர் என்று நாற்காலியில் உட்கார வைத்தால் கூச்சப்படுவார் என்று மரத்தடியிலேயே களிமண்ணைக் கொட்டிவிட்டோம். பிள்ளைகள் அவசரத்தில் குதிரையைக் கெட்டியாகப் பிடித்து வைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, “சூளைல வெடிச்சுரும் தாயி, வயித்த காலியா விடு” என்றார். ஏன் வெடிக்கும் என்று கேட்டதற்கு, “உள்ள ஈரம் இருக்குல்ல, அதுக்கு வெளிய போக வழி வேணும்ல” என்றார். ஈரம் ஆவியாகும், ஆவி இடம் கேட்கும், சுவர் தடித்திருந்தால் உடைத்துக்கொண்டு வரும். மண்ணில் உமி கலப்பதும் அதற்குத்தான். உமி எரிந்த இடம் நுண்ணிய வழியாகிவிடும். வெப்பத்தால் விரிவடைதல் பாடத்தை அந்த வருடம் நான் தனியாக நடத்தவில்லை.

ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். இப்படி வந்தவருக்குக் கொடுக்கப் பள்ளியில் எந்தத் தலைப்பிலும் பணம் கிடையாது. சார்ட் வாங்க ரசீது போடலாம். குயவர் அரைநாள் வந்ததற்கு ரசீது போட முடியாது. கையிலிருந்து கொடுத்தோம். உள்ளூர்க் கலைஞரை வகுப்பறைக்கு அழையுங்கள் என்று சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் அவருடைய அரைநாள் கூலியையும் சேர்த்து யோசித்திருந்தால் நிறையப் பேர் அழைத்திருப்பார்கள்.

இசைக்குக் குடுமியான்மலை. பாறையில் சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். இசை வரலாற்றுக்காரர்கள் தேடி வந்து பார்க்கிற கல்வெட்டு. எனக்குப் பாட்டு வராது. அதனால் அதைக் காட்டியதோடு சரி. எல்லா வளத்தையும் எல்லாரும் பயன்படுத்திவிட முடியாது.

அம்மன் காசு கதை சிறியது. புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை தனிச் சமஸ்தானம். தனிச் செப்புக்காசு இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய. திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகம் 1910இலிருந்து இருக்கிறது, கண்ணாடிக்குள் பார்க்கலாம். ஆனால் ஒரு பிள்ளையின் அப்பத்தா சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு வகுப்பில் கைக்குக் கை மாறியபோது கிடைத்த சத்தம் அருங்காட்சியகத்தில் கிடைக்காது. தமிழ்நாட்டுக் காசில் தெலுங்கு ஏன் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாயக்கர் காலம் வரைக்கும் போய் வந்தோம்.

புத்தகங்களுக்கும் திருக்கோகர்ணம்தான். ஆசிரியப் பணியில் இருந்த பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் சொந்தப் பணத்தில் சேர்த்து உருவாக்கிய ஞானாலயா நூலகம் அங்கே இருக்கிறது. முதல் பதிப்புகளும் பழைய இதழ்களும் குவிந்து கிடக்கும். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும், அதற்குப் பின் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் புரட்டிப் பார்க்காத ஆசிரியர் இழப்பது நிறைய. தகவல் பழசாகியிருக்கலாம், ஆனால் பத்து வயசுப் பிள்ளைக்கு ஒரு விஷயத்தை எந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்குவது என்பதில் அந்தக் கட்டுரைகளை இன்றைய பாடநூல்கள் இன்னும் எட்டவில்லை என்பது என் எண்ணம்.

இணையம் எங்களுக்குப் பிரவுசிங் சென்டராக வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முழுக்க இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனால், எழுத்துரு இல்லாமல் திரையில் கட்டம் கட்டமாக வரும். சென்டர் பையனிடம் கெஞ்சி எழுத்துருவை இறக்கி, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து அச்செடுத்தேன். யூனிகோடு வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வந்தது. ஈழத்துக்காரர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தின் வழியே யாழ்ப்பாணத்து நூல்களும் இதழ்களும் எங்கள் ஊருக்கு எட்டின. அந்தப் பக்கத்து எழுத்தைத் தேடிப் படித்த நாட்களில்தான் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை வகுப்புக்குக் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்தில் ஆடிக்கூழ் காய்ச்சுவார்களா என்று எங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மாரியம்மன் கோயில் கூழ்தான் அவர்களுக்குத் தெரியும். இரண்டு கூழுக்கும் என்னென்ன போடுவார்கள் என்று எழுதி வரச் சொன்னதில் அந்த வாரக் கட்டுரைப் பயிற்சி முடிந்தது.

இதற்கு நடுவில், 2007இலிருந்து மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்திருந்தன. ஏணி, படிக்கட்டு, முயல் படம் போட்ட அட்டை. குறை சொன்னவர்கள் அதிகம். எனக்கு அதில் ஒன்று பிடித்திருந்தது: அட்டைகள் பீரோவுக்குள் போகவில்லை, பிள்ளைகள் தாங்களே எடுத்தார்கள், கசங்கியது, கிழிந்தது, யாரும் விளக்கம் கேட்கவில்லை. பிடிக்காதது, எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதை வேறு யாரோ தீர்மானித்துவிட்டிருந்தது. சங்குப்பூ பூத்திருக்கிற வாரத்தில் அமிலம் நடத்த ஏணியில் இடமில்லை.

2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிட்டார்கள். கைப்பேசியைக் காட்டினால் காணொளி. இப்போது தட்டுப்பாடு போய்த் திகட்டல் வந்துவிட்டது. ஒளிச்சேர்க்கை என்று தட்டினால் தமிழிலேயே எண்ண முடியாத அளவுக்கு வருகிறது. எனக்குக் கிடைத்த இளம் ஆசிரியர்கள் பலரும் ராத்திரி இரண்டு மணி நேரம் தேடி, பத்துக் காணொளி சேமித்து, காலையில் எதைப் போடுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: இதைப் பார்த்து முடித்ததும் பிள்ளை என்ன கேட்கும்? ஒன்றும் கேட்காது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடு. போடுவதாக இருந்தால் கடைசியில் போடு. முதலில் போட்டுவிட்டால் பிள்ளைகள் விடையைப் பார்த்துவிட்டுத்தான் பாடத்துக்கு வருவார்கள். சினிமாவின் கடைசி ரீலை முதலில் ஓட்டுகிற தியேட்டருக்கு யார் போவார்?

படக்கதைகளில் பிரதம் புக்ஸ்காரர்களின் ஸ்டோரிவீவர் எனக்கு நன்றாகக் கைகொடுத்தது. 2015இல் தொடங்கியது, தமிழிலும் கதைகள் உண்டு, அச்செடுக்கவும் மாற்றி எழுதவும் அனுமதியோடு கொடுக்கிறார்கள். நான் எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் கொடுப்பேன். கதையைப் பிள்ளைகள் எழுதுவார்கள். பிறகு மூலக் கதையைப் படித்துக்காட்டினால், “எங்க கதைதான் டீச்சர் நல்லாருக்கு” என்பார்கள். பல தடவை அது உண்மையாகவும் இருந்தது.

பிரதி எடுப்பதில் சில ஆசிரியர்களுக்குப் பயம், சிலருக்குப் பயமே இல்லை. வகுப்பில் பாடம் நடத்துவதற்காக ஆசிரியர் பிரதி எடுத்துக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டமே இடம் கொடுக்கிறது. பாரதியின் எழுத்தை 1949இல் அரசு வாங்கி, பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டது. தமிழில் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்கள் வரிசை நீளமானது. வேறு எந்த மொழி ஆசிரியருக்கும் இத்தனை தாராளம் வாய்த்திருக்குமா என்று சந்தேகம். ஆனாலும் படம் வரைந்தவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் அடியில் எழுதிவிடு என்பேன். பிள்ளைகளும் அதைப் பார்த்துத் தாங்கள் வரைந்ததற்கு அடியில் பெயர் போடப் பழகினார்கள்.

இத்தனை வருடம் சேர்த்ததை நான் பாடவாரியாக வைக்கவில்லை. மாதவாரியாக ஒரு நோட்டு. ஜூனில் முதல் மழை, ஈசல், தவளை முட்டை. ஆகஸ்டில் நிழலில்லா நாள். ஐப்பசி கார்த்திகையில் செங்காந்தள். தையில் கண்ணுப்பூளை. மாசியில் அய்யனார் கோயில் திருவிழாக்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரில் அது கிளப்பிய கேள்வி, கேட்ட பிள்ளையின் பெயர். எந்தப் பாடத்துக்கு என்பதை எழுதவில்லை. ஒரே பொருள் வருடத்துக்கு ஒரு பாடமாகப் போயிருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நோட்டு அதில் இல்லாததால் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கேட்கிற ஆசிரியர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது கொடைக்கானல் பக்கம் மலைக்கிராமப் பள்ளியில் ஆசிரியை. நோட்டை வாங்கிப் போனவள் போன மாதம் கூப்பிட்டாள். நிழலில்லா நாளில் மலைக்கு எப்போதும் மூடுபனி, கண்ணுப்பூளை இல்லை, செம்புறாங்கல் இல்லை என்று வரிசையாகச் சொன்னாள். “பூ லிஸ்டாவது பாத்தியாடி? நீ இருக்கறதுதான் குறிஞ்சி நிலம்” என்றேன்.

“பாத்தேன் டீச்சர். குறிஞ்சி போன தடவை 2018ல பூத்துச்சாம். இனி 2030லதானாம். அதுவரைக்கும் என்ன டீச்சர் பண்ண?”

“இன்னும் தொண்ணூத்தெட்டு இருக்குல்ல, தேடு” என்றேன்.